செவ்விளநீர் யாருக்கு? குடல் புற்றுநோயாளரின் உணவும் பொட்டாசியமும்

கொம்பனித்தெருவில் எமது பணியகத்துக்குப் பின்னால் ஓர் ஒடுங்கிய ஒழுங்கை உண்டு. அதிலுள்ள மாடி வீடொன்றில் சில காலத்துக்கு முன்பு இரண்டு குடும்பங்கள் ஒரே அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்தன. இரண்டும் மண்ணை நம்பி வாழ்ந்த குடும்பங்கள். ஒரு குடும்பத்தார் கிளிநொச்சிப் பக்கம் நெல் விதைத்தவர்கள். 2009இல் எல்லாவற்றையும் விட்டு வெளியேறி, செட்டிகுளம் முகாமில் இருந்து, பின்னர் வெறுங்கையோடு ஊர் திரும்பியவர்கள். மற்றக் குடும்பத்தார் வவுனியா வடக்கைச் சேர்ந்தவர்கள். எத்தனை தடவை இடம்பெயர்ந்தோம் என்ற கணக்கையே விட்டுவிட்டவர்கள். இரண்டு வீட்டு ஐயாமாருக்கும் குடல் புற்றுநோய். இருவரும் 138ஆம் இலக்க பஸ்ஸில் மகரகமைக்குச் சென்று, அங்குள்ள அபேக்ஷா வைத்தியசாலையில் சிகிச்சை பெற்றுவந்தார்கள். சமையல் ஒரே அடுப்பில், ஒரே சட்டியில்.

கிளிநொச்சி ஐயாவுக்குச் சத்திரசிகிச்சை செய்து, சிறுகுடலின் ஒரு பகுதியை வயிற்றின் வெளியே கொண்டுவந்து பை பொருத்தியிருந்தார்கள். பை நாளொன்றுக்குப் பல தடவை நிறைந்தது. கால் கெண்டைச் சதை இழுத்துப் பிடித்தது. எழுந்து நடக்க இயலவில்லை. இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 2.7 என்று வந்தது. வைத்தியர் குளிசை கொடுத்து, ஜீவனியும் வாழைப்பழமும் செவ்விளநீரும் எடுக்கும்படி சொன்னார். சில நாட்களில் ஐயா தெளிந்துவிட்டார்.

இதைக் கண்ட எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. பக்கத்துப் பாயில் படுத்திருந்த வவுனியா ஐயாவும் அப்போது சோர்ந்துபோய்த்தான் இருந்தார். "சுவாமி, இவருக்கும் கால் ஏலாமல் கிடக்குது" என்று அம்மா சொன்னார். நான் காலிமுகத்திடல் பக்கம் போய்வரும்போதெல்லாம் செவ்விளநீர் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நாளுக்கு இரண்டு. நான்காம் நாள் அவரால் கட்டிலிலிருந்து காலைத் தூக்க முடியவில்லை. நெஞ்சு தாறுமாறாக அடித்தது. முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு வைத்தியசாலைக்கு ஓடினோம். பொட்டாசியம் 6.8. இன்னும் சில மணித்தியாலம் பிந்தியிருந்தால் இதயம் நின்றிருக்கும் என்று அங்கே சொன்னார்கள்.

அந்த இளநீரை வாங்கிக் கொடுத்தவன் நான்தான். அவருடைய கிளினிக் கொப்பியை நான் ஒரு தடவை புரட்டியிருந்தால், சிறுநீரகம் பழுதாகிவருவதைக் காட்டும் எண் ஒவ்வொரு மாதமும் ஏறிக்கொண்டு போனது அதில் தெளிவாக எழுதப்பட்டிருந்ததைக் கண்டிருப்பேன். ஆதலால் இந்தக் கட்டுரையை ஒருவகையில் என் பிழைக்கான பரிகாரமாகவும் எழுதுகிறேன்.

உரமும் உடம்பும்

பொட்டாசியம் எமது மக்களுக்குப் புதிய பொருளல்ல. கமநல சேவை நிலையத்தில் எம்.ஓ.பி. என்று கொடுக்கும் இளஞ்சிவப்பு உரத்தை நாம் அறிவோம். அது பொட்டாசியம் குளோரைட்டு. வைத்தியசாலையில் கொடுக்கும் பொட்டாசியக் குளிசையும் அதே உப்பைச் சுத்தமாக்கிச் செய்ததுதான். (இதைப் படித்துவிட்டு யாரும் உரப்பையைத் திறக்க வேண்டாம்!) பயிருக்கு இந்த உரம் போதாவிட்டால் இலையின் ஓரம் கருகும், தண்டு சாயும். அளவுக்கு மீறிப் போட்டாலோ வேர் எரியும். உடம்பிலும் அப்படியே. ஆனால் பயிர் ஒரு கிழமை தாங்கும், இதயம் தாங்காது.

எமது உடம்பிலுள்ள பொட்டாசியத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு தசை முதலான கலங்களுக்குள்ளேயே இருக்கின்றது. இரத்தத்தில் இருப்பது மிகச் சொற்பம். அந்தச் சொற்பமே நரம்பும் தசையும் இதயமும் ஒழுங்காக இயங்குவதைத் தீர்மானிக்கின்றது. சாதாரண அளவு லீற்றருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை. 2.5க்குக் கீழே போனாலும் 6.5க்கு மேலே ஏறினாலும் உயிராபத்து. நாம் உண்ணும் பொட்டாசியத்தில் பத்தில் ஒன்பது பங்கைச் சிறுநீரகமே வெளியேற்றுகின்றது. மிகுதி மலத்தோடு போகின்றது. ஆகவே இரண்டு மதகுகள்: ஒன்று குடல், மற்றது சிறுநீரகம். குடல் மதகு உடைந்து பாய்ந்தால் பொட்டாசியம் குறையும். சிறுநீரக மதகு அடைபட்டால் தேங்கிப் பெருகும். குடல் புற்றுநோய் இரண்டையும் செய்யக்கூடிய நோய். இதிலேதான் சிக்கல்.

கொடுமை என்னவென்றால், குறைந்தாலும் கூடினாலும் அடையாளங்கள் ஏறக்குறைய ஒன்றே. தசைச் சோர்வு, கால் பலமின்மை, நெஞ்சுப் படபடப்பு ஆகியவை இரண்டிலும் வரும். குறைவில் தசைப்பிடிப்பும் வயிறு ஊதி மலம் இறங்காமையும் கூடுதலாக வரலாம். எனினும் முகத்தைப் பார்த்தோ நாடியைப் பிடித்தோ இன்னதென்று சொல்ல முடியாது. இரத்தப் பரிசோதனை ஒன்றே வழி.

பொட்டாசியம் ஏன் குறைகிறது?

வயிற்றோட்டமும் வாந்தியும் முதற் காரணம். குடல் புற்றுநோய்க்குக் கொடுக்கும் மருந்துகளில் 5-எஃப்.யு. என்னும் ஊசியும் கப்பெசிற்றபீன் குளிசையும் பலருக்கு வயிற்றோட்டத்தை உண்டாக்கும். மலக்குடலில் வளரும் சிலவகைக் கட்டிகள் தாமே சளிபோன்ற நீரைச் சுரந்து பொட்டாசியத்தை இழக்கச் செய்யும். பசியின்மையால் உணவு குறைவதும், காலில் வீக்கத்துக்காகக் கொடுக்கும் லேசிக்ஸ் போன்ற நீர்க்குளிசைகளும் சேர்ந்துகொள்ளும்.

பை வைத்தவர்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பெருங்குடலில் வைத்த பையில் மலம் ஓரளவு கெட்டியாக வரும். அவர்களுக்குத் தொல்லை குறைவு. சிறுகுடலில் வைத்த பையில் கஞ்சிபோல் வரும். நாளுக்கு ஒரு லீற்றருக்குள் வந்தால் பயப்படத் தேவையில்லை. ஒன்றரை லீற்றரைத் தாண்டினால் உடம்பு வற்றத் தொடங்கும். ஆகவே பையை வெறுமனே கொட்டிவிடாமல், அடையாளமிட்ட ஒரு பழைய போத்தலிலோ சாடியிலோ அளந்து எழுதிவையுங்கள். வயலுக்கு எத்தனை அங்குலத் தண்ணீர் கட்டினோம் என்று பார்த்தவர்களுக்கு இது பெரிய காரியமல்ல.

இங்கே பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. பை நிறைய நிறையத் தாகம் எடுக்கும். தாகம் எடுக்க எடுக்கத் தண்ணீரும் பிளேன்டீயும் குடிப்பார்கள். பை இன்னும் வேகமாக நிறையும். சிறுகுடல் நீரை உறிஞ்ச வேண்டுமானால் அந்த நீரில் உப்பும் சீனியும் அளவோடு இருக்க வேண்டும். வெறும் நீர் உடம்பிலுள்ள உப்பையும் இழுத்துக்கொண்டு வெளியே ஓடிவிடும். உப்பு குறைந்தால், அதைப் பிடித்துவைக்கச் சிறுநீரகம் பொட்டாசியத்தை விட்டுக்கொடுக்கும். ஆக, சோடியம் போவதாலேயே பொட்டாசியமும் போகின்றது. இளநீரிலே பொட்டாசியம் நிறைய உண்டு. உப்போ மிகக் குறைவு. எனவே சிறுகுடற் பை வைத்தவருக்கு இளநீர் மட்டும் மருந்தாகாது. ஜீவனி போன்ற கரைசலே முதன்மை. உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவின்படி ஒரு லீற்றர் கரைசலில் 75 மில்லிமோல் சோடியமும் 20 மில்லிமோல் பொட்டாசியமும் இருக்கும். பொதியில் எழுதியுள்ள அளவு கொதித்தாறிய நீரில் முழுப் பொதியையும் கரைத்து, நாள் முழுவதும் வாய் வாயாகக் குடிக்க வேண்டும். அரைப் பொதி, கால் பொதி என்று பிரிக்கக் கூடாது. பொதி கிடைக்காத ஊரில் ஒரு லீற்றர் நீருக்கு ஆறு மட்டத் தேக்கரண்டி சீனியும் அரை மட்டத் தேக்கரண்டி உப்பும் சேர்க்கலாம். ஆனால் அதில் பொட்டாசியம் இல்லை என்பதை மறக்க வேண்டாம்.

குளிசை விழுங்கியும் பொட்டாசியம் ஏறவில்லை என்றால் மக்னீசியம் குறைந்திருக்கக்கூடும். மக்னீசியம் குறைந்த உடம்பில் பொட்டாசியம் தங்காது. சிறுகுடற் பையில் மக்னீசியமும் சேர்ந்தே வெளியேறும். "மக்னீசியமும் பார்த்தீர்களா, டொக்டர்?" என்று மரியாதையாகக் கேட்பதில் தவறில்லை.

மெதுவாகக் கரையும் பொட்டாசியக் குளிசையை உணவுக்குப் பின், ஒரு கோப்பை நீருடன், இருந்துகொண்டு முழுதாக விழுங்க வேண்டும். இடித்தோ மென்றோ எடுத்தால் வயிற்றைப் புண்ணாக்கும். குளிசை கரையாமல் அப்படியே பையில் வந்து விழுந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள். பாணியாக மாற்றித் தருவார்கள்.

இன்னுமொன்று. வார்ட்டில் சேலைனோடு பொட்டாசியம் கலந்து ஏற்றும்போது அது மிக மெதுவாகச் சொட்டும். பல மணித்தியாலம் எடுக்கும். கடைசி பஸ் போய்விடும் என்ற அவசரத்தில், குழாயிலுள்ள சில்லைத் திருகி வேகத்தைக் கூட்டிய உறவினர்களை நான் கண்டிருக்கிறேன். தயவுசெய்து தொடாதீர்கள். நரம்பில் வேகமாகப் பாயும் பொட்டாசியம் இதயத்தை நிறுத்திவிடும். மெதுவாக ஏற்றுவது தாதியரின் அசட்டை அல்ல.

பொட்டாசியம் ஏன் கூடுகிறது?

இடுப்புக்குள் வளரும் கட்டி சிறுநீர் இறங்கும் குழாய்களை நெரித்தால் சிறுநீரகம் அடைபடும். வவுனியா ஐயாவுக்கு நேர்ந்தது அதுவே. அவருக்கு அதற்கு முன்னரே சிறுநீரகம் தளர்ந்திருந்தது. 1990களின் நடுப்பகுதி முதல் அநுராதபுரம், பொலன்னறுவைப் பக்கங்களில் நெற்செய்கையாளர்களிடையே நீரிழிவும் பிரஷரும் இல்லாமலே சிறுநீரகம் பழுதாகும் நோய் பெருமளவில் காணப்பட்டது. வவுனியாவிலும் அது உண்டு. காரணம் இன்னதுதான் என்று அறிவியலாளர் இன்னும் ஒருமுடிவுக்கு வரவில்லை. இந்நோய் வெகுகாலம் வலி, வீக்கம் எதுவும் காட்டாமல் வளரும். ஆதலால் அப்பகுதிகளில் விவசாயம் செய்த எவருக்கும், புற்றுநோய்ச் சிகிச்சை தொடங்கும்போதே, "நான் இன்ன ஊரில் இத்தனை வருடம் கமம் செய்தவன்" என்று வைத்தியரிடம் சொல்லும்படி நான் வற்புறுத்துகிறேன். நாம் சொன்னாலொழிய அவர்களுக்கு அது எப்படித் தெரியும்?

மருந்துகளும் பொட்டாசியத்தைக் கூட்டும். பிரஷருக்குக் கொடுக்கும் லொசாட்டன், எனலாப்பிறில் ஆகியவையும் ஸ்பைரொனொலக்டோனும் அப்படிப்பட்டவை. வலிக்காகக் கடையில் வாங்கி விழுங்கும் டைக்குளோபெனக் சிறுநீரகத்தை நேரே தாக்கும். "உப்புக் குறைந்த உப்பு" என்று விற்கப்படும் சில பொதிகளில் சாதாரண உப்புக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைட்டு கலந்திருக்கும். சிறுநீரகம் பழுதானவர் வீட்டில் அது இருக்கவே கூடாது. சலரோகத்துக்கு நல்லதென்று சிலர் குடிக்கும் பிலிம்பிக்காய்ச் சாறும் காமரங்காய்ச் சாறும் சிறுநீரகத்தைத் திடீரென நிறுத்திய சம்பவங்களை எமது நாட்டு வைத்தியர்கள் பதிவுசெய்துள்ளனர். புற்றுநோயைக் கரைக்கும் என்று முள் அன்னமுன்னா இலையை அவித்துக் குடிப்போரும் உண்டு. அது மனிதரில் புற்றுநோயைக் குணப்படுத்தியதாக நிரூபிக்கப்படவில்லை. குடித்தே தீருவேன் என்பவர் மறைக்காமல் வைத்தியருக்குச் சொல்லிவிட்டாவது குடிக்கட்டும்.

ஒரே அடுப்பில் இரண்டு சமையல்

வவுனியா ஐயா ஆபத்தைத் தாண்டி வந்தபின், அந்த மாடி அறையில் இரண்டு அம்மாமாரையும் இருத்திச் சமையலைப் பற்றிப் பேசினோம். இருவருக்கும் சேர்த்து ஒரே கறி வைக்கத்தான் அடுப்பும் காசும் உண்டு. அதை வைத்துக்கொண்டே வழி பார்க்க வேண்டியிருந்தது.

பொட்டாசியம் நிறைந்தவை எவை? உருளைக்கிழங்கு, வற்றாளங்கிழங்கு, மரவள்ளி, வாழைப்பழம், பலாப்பழம், பலாக்கொட்டை, அவகாடோ, தக்காளி, கீரை வகைகள், முருங்கை இலை, பருப்பு, கடலை, இளநீர். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் ஏறக்குறைய 400 மில்லிகிராம் உண்டு. செவ்விளநீர் ஒன்றிலோ, காய்க்குக் காய் மாறுபட்டாலும், ஒரு கிராம் வரை இருக்கலாம். நான் கொடுத்த இரண்டு இளநீரின் கணக்கை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். குறைந்தவை என்று பார்த்தால் வெள்ளைச் சோறு, இடியப்பம், அரிசிமாப் புட்டு, முட்டை வெள்ளை, புடலங்காய், பீர்க்கங்காய், கோவா, வெள்ளரிக்காய், அன்னாசி ஆகியவை.

கிழங்கையும் காய்கறியையும் தோல் சீவி, மெல்லியதாக அரிந்து, நிறைய நீரில் இரண்டு மணித்தியாலம் ஊறவிட்டு, அந்த நீரை ஊற்றிவிட்டு, புது நீரில் அவித்து, அவித்த நீரையும் வடித்துவிட்டால் பொட்டாசியத்தில் கணிசமான பங்கு போய்விடும். ஆவியில் அவித்தால் போகாது. குழம்பில் அப்படியே நிற்கும். ஆகவே அம்மாமார் இப்படிச் செய்தார்கள்: மரக்கறியை அவித்து வடித்துப் பொதுவாக ஒரு வெள்ளைக் கறி. கிளிநொச்சி ஐயாவுக்கு அதனுடன் கட்டிப் பருப்பும் ஒரு வாழைப்பழமும். வவுனியா ஐயாவுக்குப் பருப்பு ஒரு கரண்டி மட்டும், குழம்பு இல்லை. பதிலாக ஒரு முட்டை.

எமது மக்களிடம் இன்னொரு பழக்கம், நோய் வந்தவுடன் பத்தியம் என்ற பெயரில் பட்டினி போடுவது. மீன் ஆகாது, முட்டை சூடு, சீனி புற்றுநோயை வளர்க்கும் என்று ஒவ்வொன்றாக நிறுத்தி, கடைசியில் கஞ்சித் தண்ணீரோடு நிறுத்திவிடுவார்கள். உடம்பு உருகினால் மருந்தைத் தாங்கும் பலமும் போய்விடும். சிகிச்சையைத் தள்ளிப்போட நேரும். புற்றுநோயாளருக்கு உடல்நிறையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு ஒரு கிராமுக்கு மேல், ஒன்றரைக் கிராம் வரை புரதம் வேண்டும். ஐம்பது கிலோ உள்ளவருக்கு 50 முதல் 75 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், நூறு கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம். சிறுநீரகம் பழுதானவருக்கு மாத்திரம் புரத அளவை வைத்தியர் சொல்ல வேண்டும். பசி இல்லாதவருக்கு மூன்று வேளைக்குப் பதிலாக ஆறு சிறு வேளை. தவக்காலத்தில் ஒருசந்தி இருக்க வேண்டுமே என்று கவலைப்பட்ட ஒரு தாயிடம், நோயாளரைத் திருச்சபை நோன்பிலிருந்து விலக்கியிருக்கிறது என்று சொன்னேன். விரதம் இருக்கும் எமது சைவ, இஸ்லாமியச் சகோதரர்களின் மரபிலும் நோயாளிக்கு விலக்கு உண்டு.

வயிற்றோட்டம் நடக்கும் நாட்களில் தவிட்டரிசியும் பச்சைச் சம்பலும் உறைப்பும் பாலும் வேண்டாம். உப்பிட்ட வெள்ளையரிசிக் கஞ்சி, அவித்த மீன், முட்டை, இடியப்பம் போதும். கீரைச் சம்பலும் இலைக்கஞ்சியும் நல்லவைதாம், ஆனால் அந்த நாட்களுக்கு அல்ல. மருந்து ஏற்றிய பின் நோயெதிர்ப்புச் சக்தி குறையும் என்பதால் நீரைக் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும். ஒக்சலிபிளாற்றின் ஏற்றியவர்கள் சில நாட்களுக்குக் குளிர்ந்த எதையும் குடிக்கக் கூடாது. தொண்டை இறுகுவதுபோல் ஆகும். வீதியோரத்தில் ஐஸ் பெட்டியில் வைத்து விற்கும் இளநீருக்கும் இது பொருந்தும்.

வழக்கத்தைவிட நான்கு தடவைக்கு மேல் கூடுதலாக வயிற்றால் போனாலோ, காய்ச்சல் 38 பாகையைத் தொட்டாலோ, கால் திடீரெனப் பலமிழந்தாலோ, நெஞ்சு தப்பித் தப்பி அடித்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ அடுத்த கிளினிக் திகதிக்குக் காத்திருக்க வேண்டாம். இரவானாலும் அருகிலுள்ள அரச வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். கிளினிக் கொப்பியையும் எடுத்துச் செல்லுங்கள்.

அந்தக் கொப்பியின் முன் அட்டையின் உட்புறத்தில் இரண்டு எண்களைப் பெரிதாக எழுதிவைக்கும்படி நாம் இப்போது எல்லாரிடமும் சொல்லிவருகிறோம்: ஒவ்வொரு பரிசோதனையிலும் வந்த பொட்டாசியம், கிரியற்றினின். கிரியற்றினின் என்பது சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் எண். அது ஏறினால் சிறுநீரகம் தளர்கிறது என்று பொருள். எழுத ஏலாதவர்கள் தாதியரிடம் கேட்டால் எழுதித் தருவார்கள். சமைப்பவர் எவரோ அவருக்கு அந்த எண்கள் தெரிந்திருக்க வேண்டும். நோயாளி வைத்தியரிடம் "எல்லாம் சரியாம்" என்று கேட்டுவருவது சமையலுக்கு உதவாது.

கிளிநொச்சி ஐயாவுக்குச் சில மாதங்களில் பையை எடுத்துக் குடலைத் திரும்ப இணைத்தார்கள். ஊர் போய்ச் சேர்ந்தார். வவுனியா ஐயாவுக்குச் சிறுநீர்க் குழாயில் அடைப்பை நீக்கும் சிறு குழாய் வைத்தார்கள். பொட்டாசியம் 5க்குக் கீழே இறங்கியது. நிறுத்திய மருந்தை மீண்டும் தொடங்கினார்கள். "சுவாமி, இளநீர் மட்டும் கொண்டுவராதீங்கோ" என்று சிரிப்பார். அடுத்த பெரும்போகம் வரை இருந்தார். விதைப்பைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

வடக்கிலும் கிழக்கிலும் இருப்பவர்கள் ஒவ்வொரு தடவையும் மகரகமைக்கு வந்து அறை எடுத்துத் தங்கத் தேவையில்லை. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடைபயணம் சென்று சேர்த்த நிதியைக் கொண்டு தெல்லிப்பழையில் கட்டிய புற்றுநோய் வைத்தியசாலை 2013இல் திறக்கப்பட்டது. மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையிலும் புற்றுநோய்ப் பிரிவு உண்டு. முதற் சிகிச்சை முடிந்தபின், அங்கே தொடர மாற்றுக் கடிதம் தரும்படி உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள். கடிதத்தோடு இரத்தப் பரிசோதனை முடிவுகளின் பிரதிகளையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.